‘வழிகாட்டி’ என்னும் பெயரும் செயற்கைக்கோளின் தொழிலும்

உந்து ஓட்டுவோர் கையிலும், மீனவர் படகிலும், வானூர்தியிலும் இன்று இடம் பெற்றுள்ள கருவியொன்றினை மக்கள் ‘ஜி.பி.எஸ்.’ என வழங்குவர். தமிழில் அதனைச் ‘செயற்கைக்கோள் வழிகாட்டி’ எனப் பெயர்த்து எழுதுவாரும் உளர். இப்பெயர் எளிது, செவிக்கும் இனிது. எனினும், பொருளின் இயல்பை அது பிழைபட உணர்த்துகின்றது என்பது எம் கருத்து. செயற்கைக்கோள் எவர்க்கும் வழி காட்டுவதன்று. அது செய்வது பொழுது கூறலே. இஃது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்க முறைமையைச் சார்ந்த கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உள்ளன. ‘யான் இன்ன இடத்தில் உள்ளேன்; இப்பொழுது இன்ன நேரம்’ என்னும் செய்தியையே அவை வானொலி அலையால் இடையறாது அறிவிக்கின்றன. பறையறைந்து செல்வோன் தன் சொல்லைக் கேட்டார் யாவர் என எண்ணிப் பார்ப்பதில்லை, கோளும் அத்தகையதே. அலை நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வது. கோள் தலைக்கு நேரே நிற்பின், நொடியின் பதினைந்தில் ஒரு பங்கில் அலை நம்மை வந்தடையும். புறப்பட்ட நேரத்தை வந்த நேரத்தினின்று கழித்தால் தொலைவு புலனாகும். மூன்று கோள்களின் தொலைவு தெரியின் இடம் தெளிவுறுதல் வேண்டும். ஆயின், கையிலுள்ள கருவியின் கடிகாரம் விலை மலிந்தது. நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் ஒரு கூறு பிழைப்பினும், தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும். ஆகவே நான்காம் கோள் ஒன்று வேண்டப்படுகின்றது. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், தன் கடிகாரத்தின் பிழை ஆகிய நான்கையும் கருவி ஒருங்கே கணித்துக்கொள்கின்றது. கணக்கு முழுவதும் நிகழ்வது கருவியினிடத்தே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கோளின் கடிகாரமேனும் தானே சரியாக ஓடுமோ எனின், அதுவும் இல்லை. விரைந்து செல்வதனால் அது நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 7 கூறு பிந்தும். புவியீர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதனால் ஏறத்தாழ 45 கூறு முந்தும். எஞ்சும் 38 கூறு முந்துதலைத் திருத்தாது விட்டால், ஒரே நாளில் தொலைவுக் கணக்கில் 11 கிலோமீட்டர் அளவிற்குப் பிழை சேரும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாது கடைத்தெருவரை வந்து பயன்படுதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

நிலமும் பொழுதும் ஆகிய இரண்டினையும் இணைத்து முதற்பொருள் எனக் கொண்டது தொல்காப்பியம். இதனைக் காட்டி, இக்கருவியை முன்னையோர் அறிந்திருந்தனர் எனக் கூறப் புகுவார் எழக்கூடும். அஃது ஆராய்ச்சி ஆகாது. பொழுதின்றி இடத்தை அறிதல் இயலாது என்னும் செய்தி தமிழ் மாணவர்க்கு அயலானதன்று என்ற அளவில் யாம் அமைகின்றோம்.

கடிகாரமே கோளின் உயிர் என்பதற்கு இந்திய முறைமையாகிய ‘நாவிக்’ வரலாறு சான்று தரும். ‘நாவிகன்’ என்பது கலஞ்செலுத்துவோனைக் குறிக்கும் வடசொல். இம்முறைமையின் முதற்கோள் 2013 சூலைத் திங்களில் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன்கண் இருந்த, அயல்நாட்டில் செய்த மூன்று ருபீடியக் கடிகாரங்களும் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் பழுதுற்றன. பிற உறுப்புக்கள் நன்னிலையில் இருந்தும், இடமறியும் பணிக்கு அக்கோள் உதவாதாயிற்று. குறுஞ்செய்தி பரப்புதற்கே பயன்பட்டது. அதற்கு மாற்றாக அவ்வாண்டு ஆகத்து 31ஆம் நாள் ஏவிய கோளோ, வெப்பக்கவசம் பிரியாமையால் வீணாயிற்று. இந்நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் 2023 மேத் திங்களில் ஏவிய கோளில் முதன்முதல் இடம் பெற்றது.

பெயர் பிழைபட்டால் என்ன கேடு என வினவலாம். ‘கோள் நம்மைக் கண்டுகொண்டிருக்கின்றது’ என மக்கள் பலர் நம்புகின்றனர். கருவி அலையை வாங்குவதே. கோளுக்கு ஒன்றும் விடுப்பதில்லை. செல்பேசி தான் கணித்த இடத்தைத் தொலைபேசி வலையின் வழியே பிறர்க்கு அனுப்பலாம். அது கோளின் செயலன்று. 2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் மாண்டனர். கருவி உடைய படகினர்க்குத் தாம் நின்ற இடம் தெரியும். கரையிலுள்ளார்க்கு அது தெரியாது. கரையினர் அறிந்த புயற்செய்தியோ தொலைபேசி எட்டாத அப்படகுகளைச் சென்றடையவில்லை. தன் இடம் தான் அறிதலும், அதனைப் பிறர் அறிதலும் வேறு வேறு என்பதை ‘வழிகாட்டி’ என்னும் சொல் மறைத்துவிடுகின்றது. கடலோடிகட்குக் கோள்வழியே எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு பின்னர்த் தனியே அமைக்கப்படவேண்டியதாயிற்று.

இனி, இடமே வேண்டாது பொழுதினை மட்டும் கொள்வாரும் உளர். மின்தொகுப்பினை நடத்துவோரும், செல்பேசிக் கோபுரங்களை இயக்குவோரும் தத்தம் கடிகாரங்களை ஒருப்படுத்துதற்கு இக்கோள்களின் அலையை நாடுகின்றனர். அவர்க்கு இது வழிகாட்டி என்றால் நகைப்பர். ஆகவே, கோளினைப் ‘பொழுதறி கோள்’ என்றும், அலை வாங்கும் கருவியினை ‘இடமறி கருவி’ என்றும் வழங்கலாம் என்பது எம் துணிபு. ‘வழிகாட்டி’ என்னும் பெயர், நிலப்படத்தைக் கொண்டு செல்நெறியைத் தேர்ந்து கூறும் செல்பேசி நிரலுக்கே உரியது.