சரமா, பட்டியலா? பைத்தான் வகுப்பில் ஒரு பொறி

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் பைத்தானில் ஒரு சிறு செயற்கூறு எழுதச் சொல்லுங்கள். தரப்படும் ஊர்ப் பெயர்களை அது வரிக்கு ஒன்றாக அச்சிட வேண்டும். முகையூர், திண்டிவனம், விழுப்புரம் என மூன்று சரங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தால் மூன்று வரிகள் வரும். பட்டியலுக்குப் பதில் டப்புள் கொடுத்தாலும் அப்படியே வரும். ஃபார் மடக்குக்கு அது எந்தத் தரவினம் என்ற கவலை இல்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தால் போதும். இதற்கு 'டக் டைப்பிங்' என்று பெயர். வாத்து போல நடந்து வாத்து போலக் கத்தினால் அதை வாத்து என்றே கொள்ளலாம் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது.

சிலர் முதல் வரியிலேயே 'வந்தது பட்டியல்தானா?' என்று சோதிப்பார்கள். இது தேவையற்ற கண்டிப்பு. நல்ல டப்புளையும் திருப்பி அனுப்பிவிடும். 5 என்ற எண்ணைக் கொடுத்தால் பைத்தானே பிழைச்செய்தி தந்துவிடுமே!

இனிதான் சிக்கல். 'முகையூர்' என்ற ஒற்றைச் சரத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரு வரிக்குப் பதில் எட்டு வரிகள் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. எழுத்துருவைக் குறைசொல்லத் தோன்றும், அதன்மேல் தவறில்லை. யூனிகோடில் 'மு' என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். கை, யூ, ர் ஆகியவையும் அப்படியே. அதனால்தான் லென் சார்பும் 8 என்கிறது. (ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நிரல்தொகுப்பு இதே சொல்லை நான்கு எழுத்துகள் கொண்ட பட்டியலாகப் பிரித்துத் தரும்.)

சரத்தையும் மடக்கு சுற்றிவரும். அதன் ஒவ்வோர் உறுப்பும் மீண்டும் ஒரு சரமே. ஆகவே நடத்தையை மட்டும் பார்த்தால் பெயருக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் வேறுபாடு தெரியாது. தரவினச் சோதனை இங்கேதான் தேவை: வந்தது சரமா என்று மட்டும் கேட்டு, ஆம் என்றால் அதை ஓர் உறுப்புப் பட்டியலாக்கிவிடலாம். மற்றவற்றை மடக்கு பார்த்துக்கொள்ளும். இச்சோதனைக்கு டைப் சார்பைவிட ஐஸ்இன்ஸ்டன்ஸ் சார்பே ஏற்றது; சரத்திலிருந்து மரபுரிமம் பெற்ற இனக்குழுக்களையும் அது சரமென்றே ஏற்கும்.

ஆய்வகத்தில் நிரலை இயக்குமுன் எத்தனை வரிகள் வரும் என்று நோட்டில் எழுதச் சொல்லலாம். பிறகு இன்புட் சார்பு வழியாக மூன்று ஊர்களைக் காற்புள்ளியிட்டு உள்ளிடச் சொல்லுங்கள். இன்புட் எப்போதும் ஒரே சரத்தைத்தான் தரும். ஸ்பிளிட் கொண்டு பிரித்த பின்பே அது மூன்று பெயர்களாகும்.