புது புல்வெட்டிக்கு எந்த எண்ணெய்? முதல் மூன்று டாங்கில் கவனம் தேவை

ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, பீடோர் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சிலருக்கு இன்று புல் வெட்டும் இயந்திரமே சோறு போடுகிறது. தாமான் சாலையோரம், பள்ளித் திடல், திருவிழாவுக்கு முன் கோயில் வளாகம் என்று குத்தகை வேலை கிடைக்கிறது. இயந்திரம் படுத்துவிட்டால் பட்டறைச் செலவோடு போகாது, குத்தகையே கைமாறிவிடும். புது இயந்திரம் சீக்கிரம் கெட்டுப்போவதற்கு பல நேரங்களில் எண்ணெய்தான் காரணம்.

தோளில் மாட்டும் புல்வெட்டிகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் வகை. கார் இன்ஜினில் இருப்பது போல அடியில் எண்ணெய் தேங்கி நிற்காது. பெட்ரோலில் கலந்து போகும் எண்ணெய்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, எரிந்து புகையாக வெளியேறுகிறது. வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிவிடலாம்.

புது சிலிண்டரின் உள்சுவரில் பிஸ்டன் ரிங் உரசி உரசித்தான் பொருந்தி உட்கார வேண்டும். அதுவரை சூடு கூடுதலாக இருக்கும். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன் போத்தலின் பின்புறம் பார்க்க வேண்டும். ‘ஜாசோ எஃப்சி’ அல்லது ‘எஃப்டி’ என்று இருந்தால் காற்றால் குளிரும் இன்ஜினுக்கு நல்லது. எஃப்டி கரியை இன்னும் குறைவாகச் சேர்க்கும். லூமுட், பங்கோர் பக்கம் படகுக்காரர்கள் வாங்கும் ‘டிசி-டபிள்யூ3’ தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது. புல்வெட்டியின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. கார் எண்ணெயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். அது சாம்பலாகப் படிந்து பிளக்கையும் ரிங்கையும் கெடுக்கும்.

ரிங் உட்காரும் வரை மினரல் எண்ணெய், பிறகு சிந்தெடிக் என்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். தவறில்லை. ஆனால் இயந்திரத்தோடு வரும் கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது அளவு. 25-க்கு 1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. 5 லிட்டர் கேனுக்கு 200 அல்லது 100 மில்லி. கண்ணளவு வேண்டாம். இருமல் மருந்தோடு வரும் சின்னக் கப் போதும், ஆனால் அதன் பிறகு அது மருந்துக்கு ஆகாது! பாதிப் பெட்ரோல், எண்ணெய், ஒரு குலுக்கல், மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல். இதைக் கேனில் செய்ய வேண்டும், இயந்திரத்தின் டாங்கில் அல்ல.

“புது மெசின்தானே, கொஞ்சம் கூடவே ஊற்றுவோம்” என்பது பலருடைய நினைப்பு. எண்ணெய் கூடக் கூட, கார்புரேட்டர் வழியே போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. இன்ஜின் இன்னும் சூடாகிறது. சைலன்சரில் கரி அடைக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்தது எதிராகத் திரும்பும்.

முதல் மூன்று டாங்க் தீரும்வரை லாலான் காட்டில் இறக்காமல், சாதாரணப் புல்லில் ஓட்டுவது நல்லது. முழு வேகத்தில் சும்மா உறுமவிடக் கூடாது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்கவும் கூடாது. விசையைக் கூட்டிக் குறைத்து, நடுநடுவே ஆறவிட வேண்டும்.

1985-இல் இங்கு அறிமுகமான ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் எண்ணெய்க்குத் தனித் தொட்டியும் பம்பும் உண்டு. ஓவர்ஹால் செய்த பிறகு குழாயில் காற்று நின்றால் எண்ணெய் போகாது. காற்றை வெளியேற்றிவிட்டு, முதல் டாங்கில் மட்டும் பெட்ரோலிலும் சிறிது கலந்து ஓட்டுவது பட்டறைகளில் உள்ள நல்ல பழக்கம்.

கலந்த பெட்ரோலை ஒரு மாதத்திற்கு மேல் வைக்க வேண்டாம். கேனில் கலந்த தேதியையும் அளவையும் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் வேறு யாரும் அதை வெறும் பெட்ரோல் என்று எடுத்துவிட மாட்டார்கள்.