கொல்லைச் செடிக்கு ஒரு போர்வை: மூடாக்கு போடுவோம்



மாசி பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் தோட்டப் பேச்சை எடுத்தாலே ஒரே பதில்தான் வரும். "குடிக்கிற தண்ணிக்கே குழாயடியில குடத்தை வச்சுக்கிட்டு நிக்கிறோம். இதுல கத்தரிச் செடிக்கு எங்கேர்ந்து ஊத்துறது?" சொல்வதில் நியாயம் இருக்கிறது. தை மாதத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்த கொல்லை பங்குனியில் வாடுகிறது, சித்திரையில் வெறும் தரையாகிவிடுகிறது. பிறகு ஆடி வரைக்கும் கறிக்காய் எல்லாம் சந்தையில்தான். மற்ற செலவுக்கென்று எடுத்து வைத்த காசு தக்காளிக்கும் வெண்டைக்கும் போகிறது.

நாம் சுமந்து வந்து ஊற்றும் தண்ணீர் முழுவதையும் செடியா குடிக்கிறது? இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் தரையைப் பாருங்கள். காலையில் ஊற்றிய ஈரம் மதியத்திற்குள் மேலே காய்ந்து ஓடு கட்டிவிடுகிறது. வெயிலும் காற்றும் மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொண்டு போன தண்ணீர் அது. உலைப் பானையைத் திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி வற்றும். தட்டைப் போட்டு மூடினால் நிற்கும். மண்ணுக்கும் அப்படி ஒரு தட்டு போடுவதுதான் மூடாக்கு. காய்ந்த சருகு, ஓலை, செத்தை என்று கிடைத்ததைச் செடியைச் சுற்றிப் பரப்பி, வெயில் மண்ணில் படாமல் மறைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

வேறு லாபமும் உண்டு. வெளிச்சம் படாத இடத்தில் களை விதை அதிகம் முளைக்காது. மழையோ குடத்துத் தண்ணீரோ விழும்போது சேறு தெறித்து அடி இலையில் ஒட்டாது. தக்காளியில் இலைக் கருகல் பல நேரம் அந்தச் சேற்றிலிருந்துதான் ஏறுகிறது. போட்ட செத்தை மெல்ல மக்கி உரமாகும். அதன் அடியில் மண்புழு தானே வந்து சேரும்.

எதைப் போடுவது?

பயிற்சிகளில் பொதுவாக 'வைக்கோல் போடுங்கள்' என்பார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தில் வயதான உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "வைக்கலைச் செடிக்குப் போட்டுட்டு மாட்டுக்கு என்னத்தப் போடுறது?" அன்றிலிருந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். வைக்கோலும் கடலைக் கொடியும் மாட்டுத் தீவனம். மழையில் நனைந்து மாடு ஒதுக்கிய அடிவைக்கோல் கிடந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாடு தின்னாதது, விலைக்குப் போகாதது, நாம் கொளுத்துவது எதுவோ அதுதான் நமக்கு மூடாக்கு.

முதலில் வாசல் குப்பை. தினமும் காலையில் வேப்பிலைச் சருகும் பூவரசுச் சருகும் கூட்டிக் கூட்டி மூலையில் கொளுத்துகிறோம். புகை நம் கண்ணுக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் போகிறது. அதே சருகைக் கொல்லைக்குத் திருப்பினால் போதும். பாலித்தீன் பையும் பாக்கு உறையும் இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

தென்னை இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்ததை நாம் மறக்க முடியாது. அப்போது எரித்துத் தீர்த்த ஓலையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. சரி, அது வேறு கதை. ஓலையில் விளக்குமாற்றுக்கு ஈர்க்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு முழ நீளத்துக்கு வெட்டிப் பரப்புங்கள். உரித்த மட்டையாக இருந்தால் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, முதுகு மேலே இருக்க அடுக்குங்கள். முருங்கை, வாழை, எலுமிச்சை மாதிரி பெரிய பாத்திக்கு மட்டை நல்லது. ஒரு தரம் போட்டால் ரொம்ப நாள் கிடக்கும்.

கடலை உடைக்கும் மில்லில் கிடைக்கும் மேல்தோல் மிளகாய்க்கும் கத்தரிக்கும் பொருத்தம். தண்டு அழுகல் விழுந்த வயலின் தோல் மட்டும் வேண்டாம், அந்த நோய் நம் செடிக்கும் வரும். வேலியோரத்துக் கிளைரிசிடியா, புங்கன், ஆவாரை, கொழிஞ்சித் தழைகள் சீக்கிரம் மக்கிவிடும், ஆனால் நல்ல உரம். அடியில் தழை, மேலே சருகு என்று போட்டால் இரண்டு வேலையும் நடக்கும்.

தைல மரச் சருகு நம் பக்கம் மலிவு. ஆனாலும் கொல்லைக்கு வேண்டாம். அதன் சாறு விதை முளைப்பைக் கெடுக்கும். விதை பிடித்த புல்லும், பூத்த பார்த்தீனியமும் போட்டால் களையை நாமே விதைத்த மாதிரி. மக்காத தேங்காய் நார்க் கழிவையும் அப்படியே போட வேண்டாம், மக்கவைத்த பிறகு போடலாம். நோய் வந்து பிடுங்கிய செடியைத் திரும்பப் பாத்தியில் போடவே கூடாது.

நாங்கள் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், மரம் அறுக்கும் பட்டறையில் தூள் சும்மா கிடைக்கிறதே என்று மூடாக்குக்கு அதைச் சொல்லிவிட்டு வந்தோம். மேலே மட்டும் தூவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. நாலைந்து வீடுகளில் மண்வெட்டியால் கொத்தி மண்ணோடு கலந்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் போனால் கத்தரி இலையெல்லாம் மஞ்சள். ஒரு அக்கா எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நீங்கதானே சொன்னீங்க? இருந்த செடியும் போச்சு." எங்களால் பதில் பேச முடியவில்லை.

காரணம் இதுதான். மரத்தூளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. மேலே பரப்பினால் இந்தத் தொல்லை குறைவு, மண்ணில் கலந்தால் அதிகம். ஆட்டு எரு வைத்து, ஒரு பங்கு மாட்டுக் கோமியத்தில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினோம். பாதிச் செடிகள் தேறின. மீதி போனது போனதுதான். உலர்ந்த பொருள் எதையும் மண்ணோடு கொத்தாதீர்கள் என்று இப்போது எல்லா ஊரிலும் முதல் வார்த்தையாகச் சொல்கிறோம்.

எப்படிப் போடுவது?

களையைப் பிடுங்கிவிட்டு, செடியைச் சுற்றி இரண்டு கை மக்கிய எரு வையுங்கள். பிறகு மண் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தே கிடக்கும். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அதன் மேல் சருகு என்றால் நான்கு விரற்கடை உயரம். இரண்டு வாரத்தில் அது பாதியாக அமுங்கும், மறுபடி போடுங்கள். கடலைத் தோல் என்றால் இரண்டு விரற்கடை போதும்.

தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. மூன்று விரல் இடம் விட்டு வட்டமாகப் போடுங்கள். தண்டில் ஈரச் செத்தை சாய்ந்தால் அழுகும். விதை போட்ட பாத்தியில் நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை பொறுங்கள். தண்ணீர் ஊற்றும்போது அந்த இடைவெளியில் மெதுவாக ஊற்றினால் நேராக வேருக்குப் போகும்.

வீட்டில் எதிர்ப்பு வரத்தான் செய்யும். "கொல்லையை ஏன் இப்படிக் குப்பையாப் போட்டு வச்சிருக்கே?" என்று மாமியார் கேட்டதாகச் சொல்லாத உறுப்பினர் இல்லை. பாம்பு பயமும் வெறும் பேச்சு அல்ல. மூடாக்கைப் பாத்திக்குள் மட்டும் போடுங்கள், நடைபாதையைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். மட்டையைக் கையால் புரட்டாதீர்கள். குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள், அடியில் தேள் இருக்கும். குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

கறையான் வந்தால் பயந்து எல்லாவற்றையும் வாரிவிட வேண்டாம். அது பெரும்பாலும் காய்ந்த செத்தையைத்தான் தின்னும். செடியைத் தொடாமல் இருக்க மண்ணில் ஈரம் காத்து, அடியில் வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவுங்கள். இதையெல்லாம் விடப் பெரிய எதிரி நம் வீட்டுக் கோழிதான்! புழு தேடி அரை மணியில் பாத்தியைக் கிளறி எறிந்துவிடும். செத்தைக்கு மேல் கருவை முள்ளை நாலு வைத்தால் வராது.

ஐப்பசி அடைமழையில் மூடாக்கு கனமாக இருந்தால் நத்தையும் அழுகலும் சேரும். அப்போது விலக்கி மெல்லிசாக்கிவிடுங்கள். மழை முடிந்து தை பிறந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே கனமாகப் போட வேண்டும். பங்குனியில் நினைத்துக்கொண்டால் ஈரத்தை மூட முடியாது, காய்ந்த மண்ணைத்தான் மூட முடியும்.

நம்பிக்கை இல்லையென்றால் எல்லாச் செடிக்கும் போட வேண்டாம். இரண்டே கத்தரிச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூடாக்கு, ஒன்று வெறும் மண். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மறுநாள் சாயங்காலம் இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். எது எத்தனை நாள் தாங்குகிறது என்று உங்கள் பாஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்து, அடுத்த குழுக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.