அப்பாவின் பாஸ்புக்கில் மகளின் பெயர்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் இன்று நியூஜெர்சியிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வரிக் கணக்கு மட்டும் இந்தக் காலனியை விட்டுப் போகவில்லை. பக்கத்துச் சரோஜினி நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்பதால், ஜூன் மாதம் பிறந்தாலே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அப்பாக்கள் ஃபைலோடு வந்துவிடுவார்கள்.

"மாமி, பையனுக்கு கிரீன் கார்டு வந்தாச்சு. இனிமே இங்கே ஃபைல் பண்ண வேண்டாமோல்லியோ?"

"கார்டு இருக்கட்டும் மாமா. இந்த வருஷம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தான்?"

நம் வருமான வரிச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள் இங்கே இருந்தால் இங்கு வசிப்பவர். இந்த வருடம் 60 நாள், முந்தைய 4 வருடங்களில் மொத்தம் 365 நாள் என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஆனால் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிற வருடத்திலும், அங்கிருந்து லீவுக்கு வந்துபோகும்போதும் இந்தியக் குடிமக்களுக்கு அந்த 60 என்பது 182 ஆகிவிடும். இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் வந்துபோனால் மட்டும், 2020-இல் வந்த திருத்தப்படி, வரம்பு 120 நாள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் புரண்டன, இந்த நாள் கணக்கு புரளவில்லை.

வெளிநாட்டில் வசிப்பவர் என்றாகிவிட்டால் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் இங்கே வரும் வாடகை, பங்கு லாபம், இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டி எல்லாவற்றுக்கும் உண்டு. அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கான என்.ஆர்.ஈ. கணக்கு வட்டிக்கு இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கி முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துவிடும். ரிட்டர்ன் போட்டால்தான் அதிகப்படி பிடித்தது திரும்பி வரும். பட்ஜெட் சமயத்தில் டி.வி.யில் சொன்ன '12 லட்சம் வரை வரியில்லை' சலுகை இங்கு வசிப்பவருக்கு மட்டும்தான். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். அவர் மகன் வீட்டில் குடியிருப்பவர் பாடு இன்னும் சங்கடம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடித்தனக்காரர் 31.2 சதவீதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நான் பார்த்த குடித்தனக்காரர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே அபூர்வம்.

இதெல்லாம் வரி. கட்டினால் தீர்ந்தது. வரியே இல்லாத இடத்தில் வருகிற வில்லங்கம்தான் பெரிசு, அதை மாமாக்களுக்குப் புரியவைக்கத்தான் எனக்குத் தொண்டை வறண்டுபோகிறது.

மத்திய அரசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருவர். மகள் ஹெச்-1பி விசாவில் டெக்ஸாஸில் இருக்கிறாள். அவள் காலேஜில் சேர்ந்தபோதே தன் ஸ்டேட் பாங்க் கணக்கில் அவள் பெயரையும் சேர்த்திருந்தார், ஏதாவது ஆனால் அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. ரிட்டயர் ஆனதும் கிராஜுவிட்டி, லீவ் என்காஷ்மென்ட், கம்யூடேஷன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வந்து விழுந்தன. மகளுக்கு அதில் ஒரு பைசா சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வருடம் அவள் அமெரிக்க அரசுக்கு அந்தக் கணக்கைப் பற்றித் தெரிவித்தாக வேண்டும்.

காரணம் இதுதான். அமெரிக்கா தன் குடிமக்களையும் கிரீன் கார்டுக்காரர்களையும் உலகில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கிறது. ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு அங்கேயும் நாள் கணக்கு: இந்த வருட நாட்கள், போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு, கூட்டி 183 வந்தால் அவரும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவார். அப்படிச் சேர்ந்தவர்களின் வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து, வருடத்தில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்ற படிவம் போட வேண்டும். ஏப்ரல் 15 கெடு, கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. ஜாயின்ட் கணக்கும் இதில் சேர்த்திதான்.

போடாவிட்டால்? ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான பிட்னர் என்பவரிடம், 5 வருடப் படிவங்களைத் தாமதமாகப் போட்டதற்கு, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் பெருக்கி 27.2 லட்சம் டாலர் அபராதம் கேட்டார்கள். வேண்டுமென்று செய்யாத தவறுக்குப் படிவத்துக்கு ஒன்று என்றுதான் அபராதம் என 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது 50,000 டாலராக இறங்கியது. இறங்கியும் 50,000!

"அங்கே இருக்கிறவனுக்கு என் பாஸ்புக் எப்படித் தெரியும்?" என்றார் அந்த ரிட்டயர் ஆன மாமா. தெரியும். 2015 ஜூலையில் இந்தியா அமெரிக்காவோடு கையெழுத்திட்ட ஃபாட்கா ஒப்பந்தப்படி, அமெரிக்க வரிக்கு உட்பட்டவர்களின் கணக்குத் தகவல் இங்கிருந்து அங்கே போகிறது. கே.ஒய்.சி. படிவத்தில் 'வேறு நாட்டில் வரி கட்டுபவரா' என்று ஒரு கட்டம் இருக்கும், நாம் படிக்காமல் டிக் போடுவோமே, அது இதற்குத்தான்.

வருமானம் எதையும் மறைக்காதவர்கள், வரித்துறை கேட்கும் முன்பே, தாமதக் காரணம் எழுதிப் பழைய எஃப்பார்களைப் போட வழி இருக்கிறது. மகள் அப்படியே போட்டுவிட்டாள். இனிமேலாவது கூட்டுப் பெயருக்குப் பதில் நாமினேஷன் போதும் என்பது என் கட்சி. டெக்ஸாஸிலிருந்து அவள் வந்து செக்கில் கையெழுத்துப் போடவா போகிறாள்? அவள் அம்மாவுக்கு ஏ.டி.எம். பழக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மாமா இன்னும் சம்மதிக்கவில்லை.

ஊர் திரும்புகிறவர்களுக்கு இதே கதை தலைகீழாக. முந்தைய 10 வருடங்களில் 9 வருடம் வெளிநாட்டில் வசித்தவர் என்ற நிலையில் இருந்தவருக்கும், 7 வருடங்களில் 729 நாளுக்கு மேல் இங்கே இராதவருக்கும் நடுவாந்திரமாக ஒரு நிலை உண்டு. அது இருக்கும்வரை அங்கே ஈட்டும் வட்டி, டிவிடெண்டுக்கு இங்கே வரியில்லை. அது முடிந்ததும் அமெரிக்க வங்கிக் கணக்கு, கம்பெனி கொடுத்த பங்குகள், எல்லாவற்றையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும். விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். வீடு, நிலம் நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபர் முதல் அபராதம் இல்லை, எழுதுவது மட்டும் எப்போதும் கட்டாயம்.

அந்த அட்டவணை நம் நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கு. அதனால் அங்கே மூட்டை கட்டும்போதே எல்லா ஸ்டேட்மென்டையும் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த ஊர் போன் நம்பரை விட்டுவிட்டால் ஓ.டி.பி. வராது, அப்புறம் நடுராத்திரியில் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.