ஏழு மலையும் ஓர் அட்டைப்பெட்டியும்: ஒற்றைக் கண்ணுக்குத் தொலைவு தெரியும் விதம்

ஒரு கண்ணின் பார்வையை அண்மையில் இழந்தவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது, "இனி எனக்குத் தூரம் தெரியுமா?" என்பதே. காயத்தினாலோ, விழித்திரை நோயினாலோ, கண்ணை அகற்றும் அறுவையினாலோ பார்வை போயிருக்கலாம். காரணம் எதுவாயினும் முதல் வாரங்களின் அனுபவம் ஏறத்தாழ ஒன்றுதான். ஊற்றிய தேநீர் டம்ளருக்கு வெளியே விழுகிறது. கடைசிப் படி இருக்கும் இடம் புலப்படுவதில்லை. நீட்டிய கையைப் பற்ற முயன்றால் வெறுங்காற்று கிடைக்கிறது. இவற்றை வீட்டிலுள்ளோர் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வதும் உண்டு; நோயாளி மனம் ஒடுங்கி, நடமாட்டத்தையே குறைத்துக்கொள்வதும் உண்டு.

அக்கேள்விக்கு எங்கள் விடை இது: மீதமுள்ள கண் நலமாக இருப்பின், பெரும்பாலானோருக்குத் தூரம் மீண்டும் பழகிவிடும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட, கையால் ஒன்றைச் செய்து பார்ப்பது எளிது. ஆகவே இவ்விதழில் ஒரு மாய உலகத்தை அட்டைப்பெட்டிக்குள் கட்டி வண்ணம் தீட்டும் முறையை எழுதுகிறோம். நவராத்திரிக் கொலுவின் அருகே பூங்கா அமைத்தவர்களுக்கும், கிறிஸ்துமஸ் குடில் கட்டியவர்களுக்கும் இவ்வேலை புதிதன்று.

ஆழத்தை அறிவது எது?

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே மாறுபட்ட படத்தைப் பெறுகிறது. அவ்வேறுபாட்டை ஒப்பிட்டு மூளை ஆழத்தைக் கணிக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில்தான் இவ்வொப்பீடு மிகக் கூர்மையாக இயங்கும். தொலைவு கூடக்கூட அதன் பங்கு குறையும். ஊசியில் நூல் கோப்பது கடினமாகிவிட்ட ஒருவருக்கு, எதிரே உள்ள மலைத்தொடர் முன்போலவே தோன்றுவது இதனால்தான்.

இரு கண்களின் ஒப்பீட்டைத் தவிர, மூளை பயன்படுத்தும் தடயங்கள் வேறு பல உள்ளன. ஒன்றை மறைத்து நிற்பது அருகில் இருப்பது. அளவு தெரிந்த பொருள் சிறிதாகத் தோன்றினால் அது தொலைவில் உள்ளது. இணைகோடுகள் தொலைவில் நெருங்குகின்றன. அருகிலுள்ள தரையில் கற்களும் புற்களும் தனித்தனியே தெரிகின்றன. தூரத்தில் அவை ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. தொலைவில் நிறம் வெளிறுகிறது. நிழல் பொருளின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. இவை அனைத்திற்கும் ஒரு கண் போதும்.

ஓவியரும் மேடை அமைப்பாளரும் கட்டடக் கலைஞரும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் தடயங்களும் இவையே. ரோம் நகரின் ஸ்பாடா மாளிகையில், பதினேழாம் நூற்றாண்டில் பொரோமினி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த தூண் வரிசை ஒன்று உள்ளது. அதன் உண்மை நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். வாயிலில் நின்று பார்ப்பவருக்கோ அது ஏறத்தாழ 35 மீட்டராகத் தோன்றும். உள்ளே போகப்போகத் தூண்கள் குட்டையாகின்றன, தரை மேலேறுகிறது, சுவர்கள் நெருங்குகின்றன. குறைந்த இடத்தில் நிறைந்த தொலைவைக் காட்டும் இவ்வுத்தியையே நம் பெட்டியிலும் கையாளப் போகிறோம்.

பெட்டியும் நூல் விதியும்

காட்சிக்கு நம் பாட்டிமார் சொன்ன கதையே போதும். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. அக்கிளியில் மந்திரவாதியின் உயிர். ஏழு மலைகளை அடக்க 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், ஏறத்தாழ அதே உயரமும் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்று வேண்டும். மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும்.

முன்சுவரின் நடுவில், அடித்தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்றை இடுங்கள். பார்வையாளரின் கண் இருக்க வேண்டிய இடம் அதுவே. பின்சுவரின் நடுவிலும் அதே 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளியின் வழியே செல்லும் கிடைக்கோடு அடிவானம். அப்புள்ளி தொலைவின் எல்லை.

துளையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, 5 சென்டிமீட்டர் உயரமுள்ள இளவரசி பொம்மையை நிறுத்துங்கள். அவள் தலையிலிருந்து ஒரு நூல், காலடியிலிருந்து ஒரு நூல், இரண்டையும் பின்சுவர்ப் புள்ளிக்கு இழுத்துக் கட்டுங்கள். இனி எந்த இடத்தில் மனித உருவம் வைத்தாலும், அது அவ்விரு நூல்களுக்கு இடையே உள்ள உயரத்தில் இருக்க வேண்டும். துளையிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் அந்த இடைவெளி 1.25 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். அங்கே நிற்கும் காவலனின் உயரம் அவ்வளவே.

காலடி நூல் செல்லும் சாய்விலேயே தரை அட்டையை அமையுங்கள். இளவரசியின் காலடியில் தரைமட்டமாக உள்ள அது, காவலனின் காலடியில் 7.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். முன்னே 8 சென்டிமீட்டர் அகலமாகத் தொடங்கும் பாதை அங்கே 2 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் பொம்மையை 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணாகக் கொண்டால், அவள் நம்மிடமிருந்து 6 மீட்டருக்குச் சற்று அப்பால் நிற்கிறாள். காவலனோ ஏறத்தாழ 64 மீட்டர் தொலைவில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் இருவருக்கும் இடையே இருப்பது 30 சென்டிமீட்டர்தான்.

மலைகளைத் தெர்மகோலிலோ தடித்த அட்டையிலோ வெட்டலாம். துளையிலிருந்து 25 சென்டிமீட்டரில் தொடங்கி, 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, இடமும் வலமும் மாறி மாறி, நாடக மேடையின் பக்கத்திரைகளைப் போல ஆறு மலைகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் உள்ள மலையின் ஒரு பகுதியை மறைக்க வேண்டும். ஏழாவது மலையைப் பின்சுவரில் வரைந்துவிடுங்கள். கடல்களுக்கு மலைகளின் இடையே நீலத்தாள் ஒட்டினால் போதும்.

கோட்டை ஆறாம் மலைமேல் இருக்கட்டும். அதன் வாசல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்பட வேண்டாம். வாசலின் அளவைக் கொண்டுதான் கண் கோட்டையின் அளவை முடிவு செய்கிறது. வாசல் பெரிதானால் கோட்டை பொம்மை வீடாகிவிடும்.

வண்ணம் தீட்டுதல்

தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், இடையே உள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே. இதை வண்ணத்தில் காட்டுவது எளிது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் முதல் மலைக்கு அடர்பச்சையும் பழுப்பும் கலந்து தீட்டுங்கள். அடுத்த மலைக்கு அதே கலவையில் சிறிது வெள்ளையும் ஒரு துளி நீலமும் சேருங்கள். இவ்வாறே ஒவ்வொரு மலைக்கும் சேர்த்துக்கொண்டே போனால், ஏழாம் மலை வானத்தின் நிறத்தை நெருங்கியிருக்கும்.

முன்மலையின் பாறை விளிம்புகளில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மெல்லத் தேய்த்தால் கரடுமுரடு எடுப்பாகத் தெரியும். பின்மலைகளுக்கு அது வேண்டாம். அவற்றின் விளிம்புகள் மங்கலாகவே இருக்கட்டும். தரையில் முன்பகுதிக்குப் பருமணல், நடுவில் சலித்த மணல், பின்னே வெறும் தாள் என்று அமையுங்கள். மூடியில் ஒரு பக்கமாகச் சாளரம் வெட்டி, டிரேசிங் தாள் ஒட்டி, அதன் மேல் சிறிய எல்.இ.டி. விளக்கை வைத்தால் நிழல்கள் அனைத்தும் ஒரே திசையில் விழும். மெழுகுவத்தி கூடாது.

ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மலை போதுமானது. வெட்டும் வேலையை உடனிருப்பவர் செய்யட்டும். பொருளை இடத்தில் வைப்பதையும் வண்ணம் தீட்டுவதையும் நோயாளி செய்யட்டும். தூரிகை நுனி படுவதற்கு முன் சுண்டுவிரலை அட்டையில் ஊன்றிக்கொண்டால் தூரம் தவறாது. கண் தயங்கும் இடத்தில் தொடுகை துணைசெய்யும் என்பதைக் கை இங்கேயே கற்றுக்கொள்கிறது.

பாதுகாப்பு

மீதமுள்ள கண்ணைக் காப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. இவ்வேலையின்போது மட்டுமன்றி, எப்போதுமே பாலிகார்பனேட் கண்ணாடி அணியுமாறு ஒற்றைக் கண் பார்வை உடையோருக்கு அறிவுறுத்துகிறோம். எண் தேவைப்படாதவருக்கும் இது பொருந்தும். அறுவை முடிந்தவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். உடனே ஒட்டும் பசையைத் தவிர்த்து வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். அவ்வகைப் பசைக்குப்பி சொட்டு மருந்துக் குப்பியை ஒத்திருப்பதால், மருந்தென்று எண்ணிக் கண்ணில் விட்டுக்கொள்ளும் விபத்துகள் நேர்ந்துள்ளன. தெளிப்பு வண்ணமும், தெர்மகோலைச் சூட்டுக் கம்பியால் அறுப்பதும் வேண்டாம். செயற்கைக் கண்ணைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். துளையைச் சுற்றி மென்துணி ஒட்டுங்கள்; கண்ணை அதில் அழுத்த வேண்டாம்.

துளையின் வழியே

மூடியை மூடி, விளக்கேற்றி, துளை வழியே பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் படிக்கும் கண்ணாடியை அணிந்து பார்ப்பது நல்லது. ஏழு மலைகளும் வரிசையாக விலகி நிற்கும். கோட்டை நெடுந்தொலைவில் தெரியும். பிறகு வீட்டார் ஒவ்வொருவரும் பார்க்கட்டும். இரு கண் உடையவரும் இங்கே ஒரு கண்ணால்தான் பார்க்கிறார். ஒற்றைக் கண்ணின் உலகம் தட்டையானதன்று என்பது அவருக்கு விளங்கும். அதே வேளை, அது எவ்வளவு எளிதில் ஏமாறக்கூடியது என்பதும் விளங்கும். சிந்திய தேநீருக்காகக் கடிந்துகொண்டவர்க்கு இது பயனுள்ள பாடம்.

இனி மூடியைத் திறந்து, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மாயம் உடனே கலையும். அருகிலுள்ள இளவரசி விரைவாக இடம்பெயர்வாள்; காவலனும் கோட்டையும் மெதுவாக இடம்பெயரும். நெடுந்தொலைவு என நம்பியது ஒரு முழத்தில் நிற்பது தெரிந்துவிடும். அசையாத கண்ணை மட்டுமே பெட்டியால் ஏமாற்ற முடியும். துளை இட்டதன் நோக்கமே தலையை அசையவிடாமல் செய்வதுதான்.

பெட்டிக்கு வெளியே

நாங்கள் நோயாளிகளிடம் வலியுறுத்துவதும் இதுவே. தூரம் ஐயமாக இருக்கும்போது தலையைச் சற்றே இருபுறமும் அசையுங்கள். அருகிலுள்ளது அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் நகர்வதை மூளை கணக்கிட்டுக்கொள்ளும். இழந்த இரு கண் ஒப்பீட்டிற்கு மிக நெருங்கிய மாற்று இவ்வசைவே.

ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டபின் ஊற்றுங்கள். படிகளில் கைப்பிடியைப் பற்றி, கடைசிப் படியைக் காலால் தடவி அறியுங்கள். படி ஓரங்களில் பளிச்சென்ற வண்ண நாடா ஒட்டலாம். இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை காணும். ஒரு கண்ணுக்கு அது ஏறத்தாழ 150 பாகை. ஆகவே சாலையைக் கடக்குமுன் பார்வையற்ற பக்கம் தலையை முழுவதும் திருப்புங்கள். வாகனம் ஓட்டத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். உடனிருப்போர் பார்வையுள்ள பக்கமாக நின்று பேசுவதும், பொருளைக் கையில் கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கொடுப்பதும் பெரும் உதவி.

இப்பெட்டி மருந்தன்று; முறையான பயிற்சிக்கு மாற்றுமன்று. புதிதாகக் கண்முன் மின்னலோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ, திரை விழுவதுபோன்ற மறைப்போ தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு அன்றே கண் மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றபடி, மறுபரிசோதனைக்கு வரும்போது முடிந்த பெட்டியையும் எடுத்து வாருங்கள். காத்திருப்புக் கூடத்தில் வைத்தால், அன்று புதிதாக வந்திருக்கும் ஒருவர் அத்துளை வழியே ஏழு மலைகளையும் காண்பார். தமக்கும் தூரம் தெரிகிறது என்பதை அவரே கண்டுகொள்வார்.