டாக்டர் செய்ய வேண்டிய வேலையை எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் செய்த கதை: ஜாம்கேட் கிராமங்களை ஒரு மருத்துவக் குடும்பம் மாற்றியது எப்படி?

வீட்டு வாசலுக்கே வந்து பிபி பார்த்து, சுகர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் பெண் தன்னார்வலரை நம்மில் பலரும் பார்த்திருப்போம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இது தினசரிக் காட்சி. நாடு முழுக்க கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளும் ஆஷா பணியாளர்கள் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் எப்படி மருத்துவத்தின் முதல் படியாக மாறினார்? இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒரே ஒரு ஆரம்பப் புள்ளி கிடையாது. ஆனால், தேடிப் போனால் கட்டாயம் வந்து நிற்கும் ஊர்களில் ஒன்று மகாராஷ்டிராவின் வறண்ட பகுதியில் உள்ள ஜாம்கேட். அங்கே 1970-ல் போய் இறங்கிய கணவன், மனைவி இருவருமே டாக்டர்கள். இருவரும் படித்தது நம்ம வேலூரில்.

யார் இந்த ஆரோளே தம்பதி?

கணவர் பெயர் ரஜனிகாந்த் ஆரோளே. எல்லோரும் அழைப்பது ராஜ். மனைவி மேபெல். ராஜ் பிறந்தது 1934-ல், அன்றைய அகமத்நகர் மாவட்டத்தில் (இப்போது அஹில்யாநகர்) உள்ள ராஹுரியில். மேபெல் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் வளர்ந்தவர். இருவரும் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில்தான் இருவரும் சந்தித்தார்கள். 1959-ல் படிப்பை முடித்தார்கள். 1960-ல் கல்யாணம். மருத்துவ வசதியே எட்டிப் பார்க்காத கிராமங்களில்தான் வாழ்க்கையைக் கழிப்பது என்று கல்யாண நாளிலேயே முடிவெடுத்துக்கொண்டார்கள்.

மிஷனரி என்றாலே வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர் முகம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். வேலூரில் தொடங்கியதும் அப்படித்தான். அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சிஎம்சி. 1918-ல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் 1947-ல்தான் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. அந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் ராஜ் அங்கே படித்திருக்கவே முடியாது. ஐடா ஸ்கடர் காலமானது 1960 மே மாதம். ஒரு தலைமுறை முடிந்த இடத்தில் இந்தியர்களின் தலைமுறை அந்த வேலையைக் கையில் எடுத்தது எனலாம்.

மிஷன் மருத்துவமனையில் என்ன பிரச்னை?

ஜாம்கேட் போவதற்கு முன்பு, 1960-களில் இருவரும் வடாலா என்ற ஊரில் உள்ள மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். நல்ல மருத்துவமனை, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் அதே குழந்தை அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வருகிறது. காரணம் எளிமையானது. குழந்தை குடிக்கும் தண்ணீர் மாறவில்லை. வீட்டில் சாப்பாடு போதவில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் நோய்கள், வராமலேயே தடுத்திருக்கக்கூடியவை.

இன்னொன்றும் இருந்தது. ரொம்ப ஏழைகள் மருத்துவமனை வரைக்கும் வந்து சேருவதே இல்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, ஒரு நாள் கூலி போய்விடும், சாதி காரணமாக வெளியே வரத் தயக்கம்.

அறுவை சிகிச்சை மட்டும் தெரிந்தால் போதாது என்று புரிந்துகொண்ட தம்பதி அமெரிக்கா போனார்கள். மேற்படிப்போடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரமும் படித்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்க்கை. 1970-ல் கிளம்பி வந்துவிட்டார்கள்.

ஏன் ஜாம்கேட்?

மழை மறைவுப் பகுதி, அடிக்கடி பஞ்சம். கரும்பு வெட்டக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் மக்கள். 1971 வாக்கில் இந்தக் கிராமங்களில் பிறந்த 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதாவது, ஆறில் ஒரு குழந்தை.

பழைய கால்நடை மருந்தகக் கட்டடம் ஒன்றில்தான் முதல் கிளினிக். 30 கிராமங்கள், சுமார் 40,000 மக்கள் என்பது தொடக்க இலக்கு. வந்ததும் கிராமத்து ஆட்களைக் கூப்பிட்டு சுகாதாரப் பாடம் எடுக்கவில்லை. மக்கள் கேட்டது சிகிச்சை. அதை முதலில் கொடுத்து நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள். சாயங்காலம் இளைஞர்களோடு வாலிபால் ஆடினார்கள். வெவ்வேறு சாதிக்காரர்கள் ஒரே மைதானத்தில் நின்றது அங்கே சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பழக்கத்திலிருந்துதான் விவசாயிகள் சங்கங்கள் பிறந்தன.

சாப்பாடும் தண்ணீரும் மருந்தா?

ஜாம்கேட் முறையின் மையமே இதுதான். மக்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, மருத்துவமனை என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும் என்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவைக் கடும் பஞ்சம் தாக்கிய நேரம் அது.

அதனால் டாக்டர்கள் முதலில் கை வைத்தது கிணற்றிலும் சமையலறையிலும். குழந்தைகளுக்கான பொதுச் சமையலறைகள் வந்தன. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆழ்துளைக் கிணறு விஷயத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். தலித் மக்கள் ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்ற நிலை. அதை எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசியிருந்தால் ஊரே இரண்டாகியிருக்கும். மாறாக, தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்க்க வந்தவரிடம், தலித் குடியிருப்புப் பக்கமாகவே இடத்தைக் குறிக்கும்படி ராஜ் சொல்லி வைத்தார். பஞ்ச காலத்தில் தண்ணீர் அங்கேதான் கிடைக்கும் என்றால், மற்றவர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துதானே ஆக வேண்டும்? வந்தார்கள்.

தீண்டாமை ஒரே நாளில் ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சாதியும் ஒரு சுகாதாரப் பிரச்னைதான் என்பதை அந்தக் கிணறு காட்டியது. சுத்தமான தண்ணீர் ஒரு பகுதிக்கு மட்டும் கிடைக்காவிட்டால், வயிற்றுப்போக்கு அந்தப் பகுதிக் குழந்தைகளைத்தான் முதலில் தேடி வரும்.

நர்ஸ் திட்டம் தோற்றது ஏன்?

முதலில் அவர்கள் போட்ட கணக்கு வேறு. பயிற்சி பெற்ற நர்ஸ்களைக் கிராமங்களில் தங்க வைப்பதுதான் யோசனை. அது சரிப்பட்டு வரவில்லை. படித்த இளம்பெண்கள் தனியாகக் கிராமத்தில் தங்கத் தயங்கினார்கள். கிராமத்துப் பெண்களும் வெளியூர்ப் பெண்ணிடம் மனம் விட்டுப் பேசவில்லை. எங்க ஊர்ப் பெண்ணுக்கே சொல்லிக் கொடுங்களேன் என்ற யோசனை கிராமத்துப் பக்கமிருந்துதான் வந்தது.

அப்படித் தேர்வானவர்கள்தான் கிராம சுகாதாரப் பணியாளர்கள். பெரும்பாலோர் ஏழைகள். பலர் தலித் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். கணவனால் கைவிடப்பட்டவர்களும் உண்டு.

என்ன கற்றுக்கொண்டார்கள்? உப்பும் சர்க்கரையும் சேர்த்த கரைசலை வீட்டிலேயே தயாரித்து, வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைக் காப்பாற்றுவது. சுத்தமான முறையில் பிரசவம் பார்ப்பது, சிக்கலான பிரசவத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து மருத்துவமனைக்கு அனுப்புவது. குழந்தையின் எடையைக் கவனிப்பது. தொழுநோய், காசநோய் அறிகுறிகளை அடையாளம் காண்பது, குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது.

ஒரு தடவை பயிற்சி கொடுத்து, சான்றிதழ் தந்து அனுப்பும் வேலை இல்லை இது. வாரா வாரம் ஜாம்கேட் வந்து, தங்கி, ஒருவருக்கொருவர் அனுபவத்தைச் சொல்லிக் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதது தடையாக இருக்கவில்லை. பாட்டும் கதையும்தான் பாடப்புத்தகம்.

பாடத்தில் மருத்துவம் பாதிதான். நீ மதிப்புள்ள மனுஷி என்று அவர்களை நம்ப வைப்பதே பெரிய வேலையாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லாமல் வாழ்ந்த பெண்ணை, ஊரில் பிரசவ நேரத்தில் மேல்சாதி வீட்டிலிருந்தும் தேடி வருகிறார்கள் என்றால், அவர் நிலை எவ்வளவு மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1988-ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டில் இவர்களில் ஒருவர் மேடையேறினார். அரங்கின் சரவிளக்குகளைக் காட்டி, நகரத்து மருத்துவம் அது போன்றது என்றார். அழகானது, ஆனால் விலை அதிகம், எல்லாருக்கும் எட்டாது. பிறகு ஒரு சின்ன எண்ணெய் விளக்கைக் காட்டினார். இதன் வெளிச்சம் குறைவு, ஆனால் இதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்ற முடியும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

பலன் கிடைத்ததா?

1,000-க்கு 176 ஆக இருந்த சிசு மரணம், 1990-களின் பிற்பகுதியில் 30-க்கும் கீழே வந்துவிட்டது. ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையும் பெருமளவு குறைந்ததாகத் திட்டத்தின் பதிவுகள் சொல்கின்றன.

அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே சிசு மரணம் குறைந்ததே, இதில் ஜாம்கேடின் பங்கு எவ்வளவு? நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2010-ல் வெளியான ஒரு ஆய்வு, ஜாம்கேட் திட்டக் கிராமங்களைச் சுற்றுவட்டாரத்தின் மற்ற கிராமங்களோடு ஒப்பிட்டது. பிறந்து ஒரு மாதத்தைத் தாண்டிய, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறக்கும் ஆபத்து திட்டக் கிராமங்களில் சுமார் 30% குறைவு என்பது அதன் முடிவு.

1975-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் ஜாம்கேட் முன்மாதிரியாக இடம்பெற்றது. 'எல்லோருக்கும் ஆரோக்கியம்' என்று உலக நாடுகள் உறுதியெடுத்த 1978 அல்மா-அட்டா மாநாட்டின் பின்னணியில் இருந்த அனுபவங்களில் இதுவும் ஒன்று. 1979-ல் ராஜ், மேபெல் இருவருக்கும் சேர்த்து மகசேசே விருது கிடைத்தது. 1990-ல் ராஜுக்கு பத்ம பூஷண்.

மதமாற்றத்துக்கான வழியா?

மிஷனரி சேவை என்றதும் எழும் கேள்வி இது. ஆரோளே தம்பதி தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்கவில்லை. கிராமத்துக்குப் போகவைத்ததே அதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஆனால் சிகிச்சைக்கோ, சோற்றுக்கோ, தண்ணீருக்கோ மதம் நிபந்தனையாக இருக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தது கிராமங்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்.

குடும்பம் என்ன விலை கொடுத்தது?

இப்படிப்பட்ட வேலையில் வீடு வேறு, மருத்துவமனை வேறு என்று பிரிக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் கிராமத்துக்குப் போகும் வீட்டில்தான் மகள் ஷோபாவும் மகன் ரவியும் வளர்ந்தார்கள். பெற்றோர் தேர்ந்தெடுத்த வாழ்க்கையைப் பிள்ளைகளைக் கேட்காமலே அவர்கள் மேல் சுமத்தும் நிலை எல்லா மிஷனரி குடும்பங்களிலும் உண்டு. வளர்ந்ததும் பலர் விலகிப் போவார்கள். இங்கே இருவரும் விலகவில்லை. ஷோபா டாக்டரானார். 1999-ல் மேபெலும், 2011-ல் ராஜும் காலமான பிறகும் இரண்டாம் தலைமுறை பொறுப்பை ஏற்று நடத்துகிறது.

ஆனால் ஜாம்கேட் நிலைத்ததற்கு வாரிசுகள் மட்டும் காரணம் இல்லை. டாக்டர் இல்லாத நாளிலும் கிராமத்தில் வேலை நடக்கும்படி பெண்களைத் தயார் செய்ததுதான் முக்கியக் காரணம்.

நாடு முழுக்க ஏன் அப்படியே நடக்கவில்லை?

1977-ல் மத்திய அரசு சமுதாய சுகாதாரப் பணியாளர் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பயிற்சியும் தொடர் ஆதரவும் போதவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் தேய்ந்துபோனது. ஜாம்கேடிலிருந்து ஆளை எடுத்துக்கொண்டார்கள், முறையை எடுத்துக்கொள்ளவில்லை. 2005-ல் வந்த ஆஷா திட்டம் பெண்களைத் தேர்ந்தெடுத்து அந்தத் தவறைத் திருத்தியது. 2022-ல் ஆஷா பணியாளர்களை உலக சுகாதார நிறுவனமே கௌரவித்தது.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஜாம்கேட் பெண்கள் சம்பளத்துக்காக வேலை செய்யவில்லை. சேவையாகச் செய்தார்கள், வருமானத்துக்குச் சிறுதொழில் பயிற்சியும் கடனும் கிடைத்தன. தினம் ஒரு சில மணி நேரம், தன் ஊருக்குள் மட்டும் என்ற அளவில் அது ஓடியது. இன்றைய ஆஷா பணியாளருக்குக் கணக்கெடுப்பு, பதிவேடு, தடுப்பூசி, மொபைல் ஆப் என்று முழுநேர வேலை. ஆனால் பெயர் இன்னமும் 'தன்னார்வலர்', கையில் கிடைப்பது ஊக்கத்தொகை. 2025-ல் கேரளாவில் தலைமைச் செயலகம் முன்பு அவர்கள் மாதக்கணக்கில் போராடியது இதற்காகத்தான்.

ஒரு பெண்ணை நம்பி ஒரு கிராமத்தின் ஆரோக்கியத்தை ஒப்படைக்கலாம் என்பதை ஜாம்கேட் நிரூபித்து 50 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெண்ணின் வேலைக்கு என்ன கூலி என்ற கேள்விக்குத்தான் அரசுகள் இன்னும் பதில் சொல்லவில்லை.