ரோதையும் செக்ரோலும்

வலப்பனைப் பகுதியில் தோட்டப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பித்துவந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் என்னைத் திகைக்கவைத்த கேள்வி ஒன்று உண்டு. 'ரோல்' என்னும் வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, உருளுதல், சுருளுதல், புரளுதல் என்று பொருள் கூறிக்கொண்டிருந்தேன். பையன் எழுந்து நின்றான்.

"சேர், எங்க அம்மா பேரு செக்ரோல்ல இருக்கு. அதுல எது சேர் உருளுது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆயினும் விடை உடனே வாய்க்கவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டு, அன்றிரவு அகராதியைப் புரட்டலானேன்.

சுழலும் வினையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'ரொட்டேட்' என்பது தன் அச்சிலேயே சுழலுதல். 'ரிவோல்வ்' என்பது பிறிதொன்றைச் சுற்றி வருதல். பூமி முன்னதால் இரவு பகலையும், பின்னதால் ஆண்டையும் பெறுகிறது. 'ஸ்பின்' என்பது முதலில் நூல் நூற்றலையே குறித்தது. கதிர் சுழலுவதைக் கண்ட பிற்காலத்தார் பம்பரத்துக்கும் அச்சொல்லைக் கொடுத்துவிட்டனர். நம் மொழியிலும் இத்தகைய நகர்வு உண்டு. பஞ்சை முறுக்கினால் திரி. மாவரைக்கும் கல் திரிகை. வேலையின்றி அலைபவன் திரிகிறான். வள்ளுவர் உழவு அதிகாரத்தைத் தொடங்குகையில் உலகம் சுழலுவதைக் குறிப்பிடுகிறார். பூமி தன் அச்சில் சுழலுவதை அவர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்குவோர் உளர். பரிமேலழகரோ, பிற தொழில்களைச் செய்து திரிதல் என்றே அதற்குப் பொருள் கொண்டார். அவர் பக்கமே நானும்.

இவற்றுள் 'ரோல்' தனி வகையைச் சேர்ந்தது. உருளுவதும் சுருளுவதும் அதன்கண் ஒன்றாகிவிடுகின்றன. இதைக் கண்ணால் காண விரும்புவோர் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து பார்த்தல் வேண்டும். இரவு முழுதும் வாட்டப்பட்ட கொழுந்தை அடியற்ற பெரிய உருளையொன்றினுள் கொட்டி, மேலிருந்து மூடியால் அமுக்குவர். அவ்வுருளை பித்தளை விளிம்புகள் பதித்த மேசையின்மேல் வட்டமிட்டுச் செல்லும். கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: உருளை வட்டமாக நகர்கிறதேயன்றித் தன்னளவில் சுழலுவதில்லை. உள்ளங்கையால் மேசையைத் துடைக்கையில் கை வட்டமிட்டாலும் விரல்கள் முன்னோக்கியே இருக்கின்றனவே, அதுபோல. சுருளுவது உள்ளே அகப்பட்ட இலைதான். அதன் நுண்ணறைகள் நசுங்கிச் சாறு கசிந்து காற்றோடு கலந்த பின்னரே பச்சிலை நாம் குடிக்கும் தேயிலையாகிறது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசையிட்டு ஆட்களின் கைகளாலேயே இலையைச் சுருட்டச் செய்தார். பொறி வந்தது பின்னர்தான்.

அப்பொறியை எங்கள் மக்கள் 'ரோலர்' என்பதினும் 'ரோதை' என்றே பெரிதும் அழைத்தனர். அதைக் காக்கும் தெய்வம் ரோதை முனி. இரும்புப் பொறியொன்று வந்திறங்கிய இடத்திலும் அதற்கொரு முனியைக் குடியமர்த்திப் பூசையிட்டவர்கள் நம்மவர்கள்! ரோதை என்பது போர்த்துக்கேயரின் 'ரோடா', அதாவது சக்கரம். அலமாரியும் சாவியும் அலவாங்கும் வந்த வழியே வந்த சொல் அது. சிங்களத்திலும் சக்கரத்துக்கு 'ரோதய' என்பதே பெயர். போர்த்துக்கேயருக்கு அச்சொல்லை ஈந்தது இலத்தீன் மொழியின் 'ரோட்டா'. வடமொழியின் 'ரதம்' அதற்கு உடன்பிறப்பு. நான் தேடிய 'ரோல்' என்ற சொல்லோ அதே 'ரோட்டா'வின் வழித்தோன்றல். சிறு சக்கரம் என்று பொருள்படும் வடிவத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ஆக, கடல் கடந்து இரு கப்பல்களில் வந்த ஒரு குடும்பத்தார் எங்கள் மலையில் ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொண்டனர். ஒருவரையொருவர் அடையாளம் கண்டிலர்.

(ஊரின் பெயரில் பனை இருக்கிறதே, மலையில் எங்கே பனை என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. வலப்பனை சிங்களப் பெயர். அதில் தமிழ்ப் பனையைத் தேடுதல் வீண்.)

மாணாக்கனின் வினாவுக்கு விடையும் அச்சிறு சக்கரத்திலேயே இருந்தது. ஐரோப்பாவில் பழைய ஆவணங்களைத் தோலில் எழுதிச் சுருட்டி வைத்தனர். சுருளுக்கு 'ரோல்' என்று பெயராயிற்று. சுருளில் பெயர்களை எழுதியதால் பெயர்ப்பட்டியலும் 'ரோல்' ஆயிற்று. நடிகன் தன் பகுதியை எழுதிவைத்த சுருளே அவன் ஏற்கும் பாத்திரத்தின் பெயருமாயிற்று. ஒரு சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருளே 'கண்ட்ரோல்'. அடக்கியாளுதல் என்னும் பொருள் அதிலிருந்து பிறந்தது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு விளக்கவேண்டியதில்லை. சுருட்டும் வழக்கம் ஒழிந்து தைத்த பேரேடு வந்த பின்னும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "இப்போது எதுவும் உருளுவதில்லை, தம்பி, முன்பு உருண்டது" என்று மறுநாள் அவனிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டு வீடு திரும்புகையில் என் பாட்டியின் நினைவு வந்தது.

செக்ரோலில் ஒரு நாளின் உழைப்புக்கு 'பேர்' என்று பெயர். விதித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மனிதரின் பெயரும் அவரது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட வேறு தொழிலை நான் அறியேன். பாட்டிக்குச் செக்ரோலில் நாற்பது ஆண்டுகள் பேர் விழுந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, "இருக்கேனுங்க" என்று அவர் குரல் கொடுத்த நாட்களைக் கூட்டினால் பல்லாயிரம் வரும். ஆனால் 'ரோல்' என்றே ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பட்டியல் உண்டு: வாக்காளர் இடாப்பு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு தொகுதிகளை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. மலையகத்தாரில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் இடாப்பிலிருந்து மறைந்தன. பாட்டியின் பெயரும் அவற்றுள் ஒன்று. 1964இல் கொழும்பும் டில்லியும் செய்துகொண்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு, 1974இல், பாதி பாதியாகப் பங்கிட்டனர். அரைப் பேர் போடும் பழக்கம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

பாட்டி எந்த வாக்காளர் இடாப்பிலும் மீண்டும் இடம்பெறாமலே 1980இல் காலமானார். என் தாயார் முதன்முறையாக வாக்களித்தது 1994இல். அவரை நான்தான் அழைத்துச் சென்றேன். வாக்குச்சாவடியாயிருந்தது, நான் கற்பித்த அதே வகுப்பறை. மேசையிலிருந்த அலுவலர் இடாப்பில் விரலை ஓட்டி, இலக்கத்தையும் பெயரையும் உரக்கப் படித்தார். அடையாளச் சீட்டை நீட்டினாலே போதுமானது. அம்மாவோ சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்று, வகுப்பறை முழுதும் கேட்கும்படி, "இருக்கேனுங்க" என்றார்.